எங்கள் பக்கம் பிழை இல்லை என்று நான் எழுதிய பதில்

1. பத்து நிமிடம்

லீப் வருடம் முடிந்து, சனவரி முதல் வாரம். காலை பத்தரை மணிக்கு என் திரையில் முதல் இஷ்யூ, அதாவது முதல் குறை, வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பல்லி கில்லி விழுந்துவிட்டதா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.

விஷயம் இதுதான். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிடும் சாஃப்ட்வேர் ஒன்றை எங்கள் விண்வெளி மையத்துக்காக எழுதியிருந்தேன். அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட, அதாவது யாரும் புரோகிராமைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், குறை சொல்லலாம் என்று திறந்துவிட, மூன்று வருடம் ஃபைலோடு அலைந்து அனுமதி வாங்கினேன். குறை சொல்வதற்கான இணையப் பக்கத்தில் நான்கு மாதமாக ஈ காக்கை இல்லை. ஒரு குறைகூட வரவில்லை பாருங்கள் என்று எங்கள் குரூப் ஹெட் முரளி சாரிடம் முந்தின நாள்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இஷ்யூவை எழுதியவர் ஸ்டெல்லா. எங்கள் ஊரிலேயே ஆஸ்டின் டவுன் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி, மாணவிகளோடு செயற்கைக்கோள் சிக்னல் பிடிப்பவர். நாங்கள் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் கழித்துத்தான் சிக்னல் வந்தது, அதற்குள் பிள்ளைகள் கீழே இறங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

செயற்கைக்கோள் பாதையின் அன்றைய டேட்டாவைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆடிட் கேள்விகளுக்குப் பதில் எழுதியே பழகிய என் விரல்கள், "எங்கள் பக்கம் அப்படிப் பிழை ஏதும் கவனிக்கப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு இஷ்யூவை மூடிவிட்டன. எல்லாம் பத்தே நிமிடம். உலகமே படிக்கும் பக்கத்தில் அரசாங்கக் கடிதம் எழுதிய பெருமை எனக்குத்தான் உண்டு.

முரளி சாருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது.

2. முந்நூற்று அறுபத்தைந்து

மறுநாள் ஸ்டெல்லா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், உங்க பதிலை எங்க பிரின்சிபால் படிச்சிட்டாங்க. சென்டர்லயே தப்பில்லைன்னு சொல்றாங்க, அப்ப உங்களுக்குத்தான் கணக்கு வரலைன்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆன்டெனாவைக் கழட்டணுமாம்."

எந்தத் தேதி டேட்டாவைப் போட்டீர்கள் என்று கேட்டேன். டிசம்பர் கடைசி வாரத்துடையது என்றார். பள்ளியில் நெட் என்று வருகிறதோ அன்றுதான் இறக்கிக்கொள்வார்களாம். நாங்களோ தினமும் காலையில் புது டேட்டா ஏற்றுகிறவர்கள். பழையதை வைத்து ஓட்டவேண்டிய நிலைமை எங்களுக்கு வந்ததே இல்லை.

"வருஷம் மாறுற இடத்துல பாருங்க சார். ஒரு நாள் கம்மியா எண்ணுது. திருத்தி அனுப்பியிருக்கேன்."

பார்த்தேன். முடிந்த வருடத்துக்கு 365 நாள் என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் குறையவே புரோகிராம் முந்தின நாள் நேரத்தைச் சொல்லியிருக்கிறது; அந்தச் செயற்கைக்கோளோ தினமும் இருபது நிமிடம் தள்ளி வருவது. லீப் வருடத்துக்கு ஒரு நாள் கூடுதல் என்பது நான்காம் வகுப்புப் பாடம். நான் முனைவர் பட்டம் வாங்கியவன். ஏ.சி. ரூமில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

3. முரளி சார் அறை

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. அந்த அறையில் பதற்றத்துக்கு நான் ஒருவன் போதும்.

"அடுத்த வெர்ஷன்ல சைலண்டா சரி பண்ணிடு. மூடின இஷ்யூவைத் திறக்கறதெல்லாம் பேடப்பா, வேண்டாம்."

அப்படியென்றால் அந்த டீச்சர் கதி என்ன என்று கேட்டேன்.

"டீச்சருக்காக டிபார்ட்மென்ட் மானத்தை வாங்குவியா? மேல இருக்கறவங்க பாத்தா மொத்தத்தையும் மூடச் சொல்லிடுவாங்க. மூணு வருஷம் அலைஞ்சது நீதானே?"

ஓர் அளவுக்கு மேல் பயந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும். சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி.

"மூடட்டும் சார். ஏற்கெனவே நாப்பது பேர் காப்பி எடுத்து வெச்சிருக்காங்க. என் தப்பு அங்கெல்லாம் பத்திரமா இருக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "கிண்டலா?"

"இல்ல சார். அந்தம்மா கணக்கு சரின்னு நம்ம பக்கத்துல இருக்கணும். இன்னைக்கே."

எழுத்தில் அனுமதி வரும்வரை கை வைக்காதே என்றார். அனுமதிக் குறிப்பு நான்கு மேசை தாண்டி வருவதற்குள் ஆன்டெனா பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். நேராக என் சீட்டுக்கு வந்து இஷ்யூவைத் திறந்தேன். "பிழை என்னுடையது. நேற்று நான் எழுதிய பதில் தவறு. ஸ்டெல்லாவின் கணக்கே சரி" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். பதற்றத்தில் அந்தப் பதிவு இரண்டு முறை போய்விட்டது. அவர் அனுப்பிய திருத்தத்தை அவர் பெயரிலேயே சேர்த்தேன்.

ஆன்டெனா இறங்கவில்லை. மேலிருந்து யாரும் எதையும் மூடச் சொல்லவில்லை. அந்த மாதத்திலேயே வேறு ஊர்களிலிருந்து வரிசையாக இஷ்யூக்கள் வந்தன. பாதிக்கு மேல் உண்மையான பிழைகள். நான்கு மாத அமைதியை என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நினைத்திருந்தேன். சர்க்கார் ஆபீஸில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஜனங்கள் சும்மா இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் முதல் பதில் அவர்கள் நினைத்தது சரிதான் என்று நிரூபித்தது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தாராளமாகப் பயப்படுங்கள், ஆனால் பயந்த கையோடு பதில் எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்களா, எந்த இடத்தில் எழுதினீர்களோ அதே இடத்தில் எல்லோரும் பார்க்கத் திருத்துங்கள்.

மெமோ வராமல் இருக்குமா? வந்தது. முன் அனுமதி பெறாமல் பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்றே எழுதிக் கொடுத்தேன்: "பிழையைச் செய்யும்போதும் முன் அனுமதி பெறவில்லை."