குப்பை மூலையில் ஒட்டிய பிள்ளையார்

எங்கள் ஆபீஸில் அந்த மாதம் எல்லோருக்கும் குப்பைப் பித்துப் பிடித்திருந்தது. அசிங்கமான ஓர் இடத்தைப் படம் எடுக்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் இன்ஸ்டாகிராமில் போட்டு நண்பர்களுக்குச் சவால் விட வேண்டும். ஒரு வாரம் கழித்தும் இடம் அப்படியே இருக்கிறது என்று இன்னொரு படம் போட்டால்தான் சவால் முடிந்த கணக்காம்.

எங்கள் டீம் லீடுக்கு இடம் அகப்படவில்லை. "உன் வீடு நீலசந்திரா பக்கம்தானே மச்சி? உங்க ஏரியாவுல நல்லதா ஒண்ணு இருக்குமே?" என்றார்.

நல்லதாக! எரிச்சலாக இருந்தாலும் எங்கள் தெருமுனையைச் சொன்னேன். அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவன் நான். யார் அள்ளினால் என்ன, அள்ளினால் சரி.

சனிக்கிழமை காலை ஒரே நிற டீ-ஷர்ட்டில் வந்து இறங்கினார்கள். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே வேலை செய்தார்கள். மதியத்துக்குள் தரை தெரிந்தது. கடைசியாக லீட் காரிலிருந்து ஒரு பிள்ளையார் டைல்ஸைக் கொண்டுவந்து சுவரில் சிமெண்ட் பூசி ஒட்டினார். "சாமி இருந்தா எவனும் கொட்டமாட்டான். ஒரு வாரம் தாங்கினா போதும் குரு."

"சாயங்காலம் இங்க ஒரு அக்கா மீன் வறுப்பாங்க."

"வறுக்கட்டுமே, அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்பது அன்று சாயங்காலமே தெரிந்தது. குப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இத்தனை வருஷமும் அந்த மூலையில்தான் அக்கா கடை போட்டார். அவர் குடும்பம் ஓடுவதே அந்த ஓர் அடுப்பில். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், பிள்ளையாருக்கு மஞ்சள், குங்குமம், செம்பருத்தி மாலை எல்லாம் ஏறியிருக்கிறது. கற்பூரம் எரிகிறது. தெருப் பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்து, கன்னடம் கலந்த தமிழில் அதட்டினார்.

"சாமி முன்னாடி மீன் வறுக்கறதாம்மா? சும்னே கலாட்டா பண்ணாத. அந்தப் பக்கம் போ."

அந்தப் பக்கம் என்றால் சாக்கடையோரம். மூலையில் கொட்ட முடியாத குப்பையெல்லாம் அதற்குள் அங்கே குடியேற ஆரம்பித்திருந்தது.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "மாரியம்மாவை வச்சிருந்தாலாவது மீன் வாசனைக்கு ஒண்ணும் சொல்லமாட்டா. போயும் போயும் பிள்ளையாரை வச்சிருக்கானுங்க பாரு. டேய், உங்க ஆபீஸ் ஆளுங்கதானே? நீ படிச்சவன், நீ சொன்னா எடுக்கமாட்டாங்களா?"

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. படித்தவன் சொன்னால் நடக்கும் என்று அக்காவுக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும், ஏன், எனக்குமே ஒரு நம்பிக்கை இருந்தது. திங்கட்கிழமை லீடிடம் போய்ச் சொன்னேன்.

"சாமியை எப்படிப் பேத்து எடுக்கறது ப்ரோ? பாவமில்லையா?"

"ஒட்டினது நீங்கதானே?"

"ஒட்டும்போது அது டைல்ஸ். இப்போ பூஜை ஆயிடுச்சே!"

எந்தப் பாடத்திலும் எனக்கு இது வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தார்கள். லீட் ஷூவைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், அப்புறம் படம் எடுத்தார். எதிரே சாக்கடையோரம் அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். லீடைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போனேன். "இவங்கதான் நான் சொன்ன அக்கா."

"அய்யோ, இன்னிக்குச் சனிக்கிழமை அக்கா, நான்வெஜ் தொடமாட்டேன். இல்லேன்னா கண்டிப்பா சாப்பிட்டிருப்பேன்."

"நீங்க சாப்பிட வேணாம் சார். என் இடத்தைக் குடுங்க, போதும்."

அவர் சிரித்தபடியே கார் பக்கம் நகர்ந்துவிட்டார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் படம் வந்துவிட்டது. 'இங்கே கடை போட்டிருந்தவர் இனி எங்கே போவார்?' என்று கீழே எழுதினேன். கும்பிடும் கைகளும் இதயங்களுமாக வந்து விழுந்தன. பதில் மட்டும் இல்லை.

அக்கா பதிலுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஜீவனஹள்ளியில் தங்கை வீட்டுப் பக்கம் ஒரு சந்து இருக்கிறதாம். மறுநாள் வண்டியை டெம்போவில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.

"அங்க குப்பை இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கு," என்றார். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. எவன்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."