பதினேழாம் நம்பர் போன்

எங்கள் பட்டாசு கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. தீப்பெட்டி, பீடி எப்படியோ அப்படித்தான் போனும். வெடிமருந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமல்ல, ஆபீஸில் உட்கார்ந்து லோடு ரசீது எழுதுகிற எனக்கும் அதே சட்டம். காலையில் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தால் நம்பர் போட்ட மரத்தட்டில் வைப்பார். என்னுடையது பதினேழு. அணைத்துத்தான் கொடுக்க வேண்டும். நான் அணைப்பதில்லை. புனேயில் இருக்கும் மகன் பகலில் கூப்பிட்டால், கூப்பிட்டான் என்பதாவது சாயங்காலம் எனக்குத் தெரிய வேண்டும். "சத்தத்த மட்டும் கொறச்சுட்டுக் குடுங்க தாயி" என்று வாட்ச்மேன் விட்டுவிடுவார்.

சாத்தூரில் வீட்டில் நான் மட்டும்தான். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. சாயங்காலம் ஏழரைக்கு மகனும் பேத்தியும் வீடியோவில் வருவார்கள். பத்து நிமிஷம். அதில் பாதி நேரம் பேத்தி போனைத் திருப்பி மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருப்பாள். நாள் முழுக்க அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வாட்ச்மேன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். போனைத் திருப்பித் தரும்போது, "மதியம் மகன் கூப்பிட்டாக. நீங்க சாப்பிட்டீகளா?" என்பார். என்னிடம் அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது.

தீபாவளி சீசனில் போனில் ஏதோ அப்டேட் ஏறியது. அதிலிருந்து, சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் கிடக்கும். தனியாகக் காசு போட்டு டாப்-அப் செய்தால் அதுவும் பேச்சு முடிவதற்குள் காலி. பேத்தியின் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிடும். "நாள் பூரா படம் பாக்கீங்களாம்மா?" என்று மகன் விளையாட்டாகக் கேட்டான். போகப்போக அவன் கூப்பிடுவதே குறைந்தது.

கஸ்டமர் கேரில் கேட்டேன். உங்கள் போனில்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றார்கள். நான் பயன்படுத்தவில்லை. பகல் முழுக்க போன் யாரிடம் இருக்கிறது? மகன் கூப்பிட்டது இந்த மனிதருக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதை அப்போது தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வேலை விட்டு முப்பது நாற்பது பெண்கள் போன் வாங்க வரிசையில் நின்றார்கள். எல்லோர் காதிலும் விழும்படியே கேட்டேன். "என் போன்ல அப்படி என்னத்தத்தான் பாக்குறீக அண்ணாச்சி? பொம்பள போன நோண்டுறது ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"நான் தொடலை தாயி. கூப்பிட்டா மகன் போட்டோ மேல தெரியும். அதத்தான் சொன்னேன்" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் ஒரு பெண் தன் போனைக் கைக்குட்டையில் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாளில் எல்லோரும் அப்படியே கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர் முடிச்சோடு வாங்கித் தட்டில் வைத்தார். சாயங்காலம் என்னிடம் நம்பரை மட்டும் சொல்லிப் போனைத் திருப்பித் தந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் துணி துவைத்தேன். பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் டேட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ். வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கடைவீதியில் போன் ரிப்பேர்க் கடைக்காரர் பார்த்துச் சொன்னார். அப்டேட்டில் வந்த கோளாறு. மகன் அனுப்பிய ஒரு வீடியோவைப் போன் தானாகவே நெட்டில் ஏற்றி வைக்கப் பார்த்திருக்கிறது. பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து, நாள் முழுக்க இதே வேலை. இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனேன். வாசலில் அவர் மட்டும் இருந்தார். "போன்லதான் கோளாறு அண்ணாச்சி. தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் நிக்கையில கேட்டீக. இப்ப ஆளில்லாத நேரமாப் பாத்து வந்திருக்கீக" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "இன்னைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி சொல்லுதேன்" என்றேன். உண்மையாகவே சொல்ல நினைத்தேன்.

சாயங்காலம் வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் பெண்கள் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பதினேழு" என்று போனை நீட்டினார். வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இரண்டு சீசன் ஆகிவிட்டது. மகன் இப்போது தடங்கல் இல்லாமல் பேசுகிறான். யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. பெண்கள் இன்னமும் கைக்குட்டையில் சுற்றித்தான் அவரிடம் போனைக் கொடுக்கிறார்கள். நானும் சுற்றித்தான் கொடுக்கிறேன். சும்மா கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.