புறங்கையால் சூடு பார்த்தவர்

பெரம்பலூரில் பழைய லேப்டாப் விற்கும் கடைக்காரர் அவர். ஒல்லியான மனிதர். காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். கேம் விளையாட ஒன்று வாங்கப் பதினெட்டாயிரம்தான் சேர்த்திருந்தேன்.

"சூடாகி நின்னுடாதுல்லண்ணே?" என்று நாலாவது தடவையாக நான் கேட்டபோது ஒருவன் ஒரு லேப்டாப்போடு உள்ளே பாய்ந்தான்.

"கேம் ஓடும்னு சொல்லி ஏமாத்துறியாடா?"

கையிலிருந்த லேப்டாப்பாலேயே அவர் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. மறுபடி ஓங்கினான்.

"அடிக்கிறதுன்னா கையால அடிங்க தம்பி. அத கீழ வச்சிருங்க, அது இன்னும் ஓடும்."

அவன் அதைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் இரண்டு அறை விட்டான். வாங்கிக்கொண்டு அவர் லேப்டாப்பைத் திருப்பினார். காற்றுப் போகும் ஓட்டை முழுக்கப் பஞ்சு.

"மெத்த மேல வச்சு வெளாண்டீங்களா?"

அவன் விரலால் பஞ்சை நோண்டிப் பார்த்தான். அவர் ரத்தத்தைத் துடைக்காமலே என்னிடம் திரும்பினார்.

"நீங்க வூட்ல எதுல வச்சு வெளாடுவீங்க?"

"மேசையிலண்ணே" என்றேன். எங்கள் வீட்டில் மேசை கிடையாது.

அவர் எடுத்துக் கொடுத்ததையே வாங்கினேன். அரியலூர் பஸ் ஏறுமுன் ஒரு பலகையும் வாங்கினேன். இப்போதும் விளையாட்டை நிறுத்தி நிறுத்தி அடியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். அத்தனை அடி வாங்கும்போதும் அவருக்கு அந்த லேப்டாப்மேல் எப்படிக் கவலை வந்தது என்பதுதான் விளங்கவில்லை.