நானே மாற்றிய புஷ்

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் ‘டங்’கென்று சத்தம் வரத் தொடங்கியது. முத்தையாபுரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அடியில் புகுந்து பார்த்தார். பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலைத் தாங்குகிற ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன என்றார். என்னிடம் அல்ல, கூட வந்த என் கணவரிடம் சொன்னார்.

“இதெல்லாம் பொம்பளையாளு ஓட்டுத வண்டியா? வித்துட்டு சின்ன வண்டியா வாங்கிக் குடுங்க.”

துறைமுகத்தில் பத்து வருடமாகக் கிரேன்களைப் பழுதுபார்க்கிறவள் நான்.

“வண்டி என்னுது அண்ணாச்சி. புஷ்ஷ நானே மாத்திக்கிடுதேன்,” என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். உப்புக்காற்றில் துருவேறிய போல்ட் ஒன்று மத்தியானம்வரை அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக்குழாயைச் செருகி, காலால் உதைத்துத்தான் கழற்றினேன். கணவரும் நானுமாக டிஃபரன்ஷியலை இறக்கினோம். பழைய ரப்பரை அறுத்தெடுத்துவிட்டு, மரை வெட்டிய நீளக் கம்பியில் நட்டை முறுக்கி முறுக்கிப் புதிய புஷ்களை உள்ளே இழுத்தேன். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

“மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்ளா,” என்றார் அவர்.

“மாட்டேன். இன்னைக்கே முடிக்கேன்.”

சாயங்காலம் நெடுஞ்சாலையில் ஏறினோம். ‘டங்’ போய்விட்டது. ஆனால் ரப்பருக்குப் பதிலாக நான் போட்டது பந்தயக் கார்களுக்கான கெட்டியான புஷ் என்பதால், வண்டிக்குள் மெல்லிய இரைச்சல் கேட்டது.

“இப்பம் ஊளையிடுதே,” என்றார்.

“இடட்டும்,” என்று கயத்தாறுவரை ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.