கூரைக்காரர் ஸ்தாமெனும் ஊறுகாய் ஆஸ்பிரினும்

ஸ்தாமெனுக்கு உயரத்தைக் கண்டு பயமில்லை. பல்கேரிய மலையடிவாரத்தில் எங்கள் ஊரின் பாதிக் கூரைகள் அவர் ஓடு வேய்ந்தவை. பனி பெய்த மறுநாளும் சரிவில் நின்று சிகரெட் பிடிப்பார். கீழே நிற்கும் நாங்கள்தான் கண்ணை மூடிக்கொள்வோம். அப்பேர்ப்பட்ட மனிதரை அவருடைய நெஞ்சே மிரட்டியது. அவருடைய அப்பா அறுபத்திரண்டு வயதில், பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் சாய்ந்தவர். அந்த வயதைத் தொட்டதிலிருந்து ஸ்தாமெனுக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். போனால் ஏணியில் ஏறாதே என்று சொல்லிவிடுவார்களே! ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்கும், இதயத்துக்கு நல்லது என்று காப்பிக்கடையில் யாரோ சொன்னார்கள். எங்கள் பக்கம் ஆஸ்பிரினை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. தக்காளியும் மிளகாயும் குளிர்காலம் முழுக்கக் கெடாமலிருக்க ஊறுகாய் ஜாடியில் போடுகிற சாமான் அது. அடுப்படியில் உப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்தாமெனும் அங்கிருந்துதான் எடுத்தார். முதலில் ஒன்று. நெஞ்சு படபடத்தால் இன்னும் இரண்டு. போகப்போகக் காது இரைந்தது, மூச்சு வாங்கியது, உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துக் கொட்டியது. அப்பாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது என்று பயந்து கையில் அள்ளி விழுங்க ஆரம்பித்தார். அத்தனையையும் கொண்டுவந்ததே அந்த மாத்திரைதான் என்று, பாவம், அவருக்கு யார் சொல்வது?

ஒரு சனிக்கிழமை காலை முற்றத்திலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"பெரியவரே, என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர் மிலுஷேவா.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. மருந்துன்னாலே எனக்கு ஆகாது."

அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். மாரடைப்பாக இருக்கும் என்று நினைத்து நர்ஸ் ஆஸ்பிரினை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அந்த நேரத்தில்தான் மனைவி நெதியால்கா உள்ளே ஓடிவந்தாள். பயம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, ஏச்சுதான் வரும்.

"என்னது, ஆஸ்பிரினா? யோவ், வீட்ல இருந்தத எல்லாம் தின்னு தீத்துட்டு இங்கயும் வந்து கேக்குறியா? தக்காளி ஜாடியில கெடக்கு, எடுத்துப் போடலாம்னு டப்பாவத் தொறந்தா ஒண்ணுகூட இல்ல!"

டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு நாள் முழுக்க நரம்பு வழியாக மருந்து ஏறியது. சாயங்காலத்துக்குள் துடிப்பு ஒரு வழிக்கு வந்தது. தினம் எத்தனை விழுங்கினார் என்று ஸ்தாமெனும் கணக்குச் சொன்னார்.

"உங்க இதயத்துல ஒரு குறையும் இல்ல பெரியவரே," என்றார் டாக்டர். "ஆஸ்பிரின் அளவு மீறிப் போனா ரத்தத்தையே கெடுத்துடும், பொட்டாசியத்தைக் குறைச்சுடும், இதயம் தடுமாறிப் போகும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நின்னே போயிருக்கும். ஆனா ஒண்ணு. நீங்க சொன்ன கணக்குக்கு மேலயே ரத்தத்துல இருக்கு. மறைக்காம சொல்லுங்க."

"சிலுவை மேல சத்தியமா அவ்வளவுதான் டாக்டரம்மா."

நெதியால்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் போட்டேன்," என்றாள். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நீ உக்காந்திருக்கிறத நான் பாக்கலன்னு நெனச்சியா? கேட்டா எரிஞ்சு விழுவ. மாத்திரை குடுத்தா தூக்கி எறிவ. அதான் ஆஸ்பிரினத் தனியா வாங்கி வச்சு, தெனமும் உன் டீயில பொடிச்சுப் போட்டு..." அத்தனை வருட வாழ்க்கையில் அன்றுதான் அவள் அழுது ஸ்தாமென் பார்த்தார்.

ஊசி குத்தாத கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் டீ அப்படிப் புளிச்சுதா?" என்றார். "உனக்கு நாக்கு மரத்துப்போச்சு போலன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு ஒரு சொட்டு விடாம குடிச்சேன்டி."