மழையை விரட்டிய கம்பம்

நான் நட்ட கம்பம்தான் மழையை விரட்டுகிறது என்று நம்பினேன். ஊர் நம்பியதில் வியப்பில்லை. நான் வளிமண்டல அறிவியலில் முதுகலை முடித்தவன். மேகம் எப்படி உருவாகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். படித்த படிப்புக்கு வானிலை வேலை கிடைக்கவில்லை. காற்றாலை போடும் கம்பெனி ஒன்று, எந்த ஊரில் காற்று நன்றாக வீசுகிறது என்று அளந்து சொல்ல ஆள் தேடியது. சேர்ந்தேன். திருச்சுழிக்குத் தெற்கே, என் தாய்மாமன் ஊர்க் கரிசலில், பனையைவிட உயரமாக ஓர் இரும்புக் கம்பம் நட்டோம். உச்சியில் சிரட்டை அளவில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். அவை சுற்றுவதை வைத்துக் காற்றின் வேகம் பதிவாகும். ஒரு வருஷம் விடாமல் அளந்தால்தான் கணக்கு செல்லும். என் வேலை நிரந்தரமாவதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. மாமா உட்பட எல்லாரும் மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டார்கள். மத்தியானம் மேகம் கூடும், சாயங்காலம் கலைந்துவிடும்.

"மாப்ள, ஒன் காத்தாடிதான் மேகத்த வெரட்டுதுங்கிறாக."

"மாமா, அது காத்த அளக்கத்தான் செய்யும். விசிறி இல்ல."

"அளக்கட்டும். வெதைய எறும்பு தூக்கிட்டுப் போகுது. இத வந்து எறும்புகிட்டச் சொல்லு."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை வரைதான் தாங்கியது. ஊர்ச் சர்ச்சில் மழைக்காக ஜெபம் நடந்தபோது இடையில் கண்ணைத் திறந்தேன். பாதிச் சபை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெபத்தில் கண்ணைத் திறக்கலாமா என்று அவர்களைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. வெளியே வந்து அண்ணாந்தேன். கிண்ணங்கள் சுற்றின, மேகம் நிஜமாகவே விலகிப் போனது. படித்த சூத்திரங்களையெல்லாம் மனசுக்குள் ஒப்பித்தேன். ஒன்றும் துணைக்கு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு ஆட்களைக் கூட்டிப்போய், இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளைத் தளர்த்தி, கம்பத்தைப் படுக்கப் போட்டேன். "சர்வீஸு" என்றேன் ஆட்களிடம். என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவது போலக் கேட்டது.

அந்த வாரமே அடைமழை. மாமா கிடாய் அறுத்தார். "படிச்ச புள்ளைல்ல, சொன்னா வெளங்கிக்கிருச்சு" என்று என் இலையில் கறியை அள்ளி வைத்தார். வெட்கத்தில் தலை நிமிராமல் தின்றேன். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

கம்பெனி மேலதிகாரிக்குக் கிடாய்க் கறி போய்ச் சேரவில்லை.

"எதுக்குக் கம்பத்தச் சாச்சீங்க?"

"மழைக்காக, சார்."

"நீங்க வெதர் படிச்சவர்தான?"

"ஆமா, சார்."

"இனிமே கம்பத்துப் பக்கமே போகாதீங்க."

வேலை போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, மற்றக் கம்பங்களிலிருந்து வரும் எண்களைப் பார்க்கச் சொன்னார்கள். இன்றுவரை அதுதான் பிழைப்பு. காற்றாலைத் தரவு ஆய்வாளர் என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வந்துவிட்டது.

மாமா ஊர்க் கணக்கு நடுவில் அறுந்துபோனதால் அங்கே காற்றாலை வரவில்லை. மழையைக் கொண்டுவந்தது வங்கக் கடலில் உருவான ஒரு தாழ்வு மண்டலம். நரிக்குடிப் பக்கம் எங்கள் இன்னொரு கம்பம் நிமிர்ந்தே நின்றது. அங்கேயும் அதே மழை பெய்தது.