மிதி என்கிற நான்

லியோனில் நான் வேலை செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு மணி நெருங்கினால் ஆளாளுக்கு என் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, பசிக்கிறது என்கிறார்கள். பிரெஞ்சில் 'மிதி' என்றால் நடுப்பகல். என் பெயரும் மிதி. வந்த புதிதில் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். இந்த நாட்டில் காலை என்றால் மிதிக்கு முன், மாலை என்றால் மிதிக்குப் பின். போதாததற்கு நாட்டின் தென்பகுதிக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். 'மிதியில் இடியுடன் கூடிய மழை' என்று டிவியில் ஒரு பெண் அறிவிக்கும்போது என் மனைவி சரளா என் வயிற்றைப் பார்ப்பாள்.

நான் லிப்ட் பழுது பார்ப்பவன். ஒருநாள் ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு மதாம் போன் செய்தார். யார் பேசுவது என்று கேட்டார். மிதி என்றேன். "நான் மணி கேட்கவில்லை முசே, யார் என்று கேட்டேன்." மிதிதான் மதாம், இரண்டு மணிக்கு வருகிறேன் என்றேன். "மிதிக்கா, இரண்டு மணிக்கா?" மிதி, இரண்டு மணிக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் நடுப்பகலிலிருந்து சாப்பிடாமல் நாய்க்குட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தவர், இது உங்கள் சாப்பாட்டு இடைவேளையா என்று கேட்டார்.

புதுச்சேரியில் இந்தப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை இருந்தது. அங்கே மிதி என்றால் மிதி, காலால் செய்வது. பள்ளியில் ஒருவன் "டேய் மிதி" என்று கூப்பிடுவான். பக்கத்தில் இருப்பவன் உடனே என் காலை மிதிப்பான். கேட்டால், "அவன்தான சொன்னான்" என்பான். பாடம் நடத்தும் வாத்தியார்கூட என் பெயரை வாசிக்கும்போது ஒரு நொடி நிறுத்தி, எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று பார்ப்பார். ரேஷன் கார்டில் மதி என்று வந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்தவரும் என் மேல் இரக்கப்பட்டு மதி என்றே அடித்துக் கொடுத்தார். என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, இதுவே நன்றாக இருக்கிறதே, இப்படியே விட்டுவிடலாம் மாப்பிள்ளை என்றார்.

நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த நாட்களில் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார். நகரத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் பள்ளியொன்றில் அவர் பியூனாக இருந்தார். அவருடைய பிரெஞ்சு மொத்தமும் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும். ஆனால் அந்தப் பையை அவர் யாரையும் தொட விடமாட்டார். "மிதின்னா பிரெஞ்சுல நடுப்பகல்டா. நீ பொறக்கும்போது சூரியன் நேரா உச்சில நின்னுச்சி. நான் அண்ணாந்து பாத்தேன். அப்பவே இதான் பேருன்னு முடிவு பண்ணிட்டேன். அவனுங்களுக்கு இன்னா தெரியும்?" எங்கள் ஊரான அரியாங்குப்பத்தில் அந்த வயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மிதிக்கிறவர்கள் மிதித்துக்கொள்ளட்டும், நான் சூரியன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெட்டியார்பாளையத்துச் சரளா சொல்தா குடும்பத்துப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவளைக் கட்டிக்கொண்டுதான் நான் இங்கே வந்து சேர்ந்தேன். சில வருடங்கள் கழித்து நானும் குடியுரிமை கேட்டேன். நேர்காணலில் இருந்த பெண் அதிகாரி அன்பானவர். எல்லாம் முடிந்தபின், விரும்பினால் உங்கள் பெயரைப் பிரெஞ்சுப் பெயராக மாற்றிக்கொள்ளலாம், நிறையப் பேர் செய்கிறார்கள் என்றார்.

"இது பிரெஞ்சுதானே?" என்றேன்.

"பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுப் பெயர் இல்லை. இங்கே யாரும் பிள்ளைக்கு இதை வைக்க மாட்டார்கள்." பிறகு ஆர்வத்தோடு கேட்டார். "உங்கள் மொழியில் இது வழக்கமான பெயரோ?"

அங்கேயும் யாரும் வைக்க மாட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நடுப்பகல், சூரியன், உச்சி என்று அப்பாவின் கதையைச் சொன்னேன். அழகாக இருக்கிறது என்றார். ஆனாலும் யோசித்து முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரளா யோசிக்கவே இல்லை. "மிஷேல்னு வெச்சிக்க. நல்ல பேரு. நானும் ஒரு தடவையாவது புருஷன ரோட்டுல பேரு சொல்லிக் கூப்புட்டுப் பாக்கறேன். மிதின்னு கத்துனா, பாவம், போறவங்கல்லாம் வாட்ச்சப் பாக்கறாங்க." மிஷேல், மிஷேல் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மிஷேலை நம்புவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை வனிதா போன் செய்தாள். அவளுக்குப் பையன் பிறந்திருந்தான். பேர் வைக்கும் நாளுக்கு நான் கட்டாயம் வரவேண்டும், தாய்மாமன்தான் காதில் பெயர் சொல்ல வேண்டும் என்றாள். என்ன பெயர் என்று கேட்டேன். "உன் பேருதாண்ணா. அவரு ஒரே புடியா நிக்கறாரு. அந்தப் பேரு வெச்சதாலதான் நீ பிரான்சுக்குப் போனியாம்." வனிதாவின் கணவன் வேலு நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவன். கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அதற்கு அந்தப் பக்கம் போக ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. நான் கழற்றி வைக்க நினைத்திருக்கும் பெயரை அவன் தன் பிள்ளைக்கு மாட்டிவிடப் பார்க்கிறான். நேரில் பேசித் தடுத்துவிடலாம் என்று சரளாவோடு கிளம்பினேன்.

வனிதா வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் வேலுவைத் தனியாகப் பிடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் பெயரின் பெருமையை எடுத்து விடாமல் அவரால் இருக்க முடியவில்லை. "மிதின்னா பிரெஞ்சுல நடுப்பகல். எம்புள்ள பொறக்கும்போது சூரியன் நேரா உச்சில..."

"எது, மத்தியானமா?" என்றாள் தனம் அத்தை. அப்பாவின் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "சாயங்காலம்டா. மழ வேற. நீ எங்க இருந்த சூரியனப் பாக்க?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "உங்கம்மாவுக்கு வலி எடுத்துடுச்சி. உங்கப்பன ஆளக் காணோம். நான்தான் சைக்கிள் ரிக்‌ஷா புடிச்சி ஏத்துனேன். ஆத்துப் பாலத்து மேல வந்ததும் வண்டிக்காரன் மூச்சு வாங்கி நின்னுட்டான். இவ கத்தறா. நான் இன்னா பண்றது? மிதிய்யா, மிதி, மிதின்னு அவன் முதுவுல தட்டிக்கினே வந்தேன். ஆஸ்பத்திரி வந்தும் என் வாயி நிக்கல. உள்ள போன கொஞ்ச நேரத்துல நீ பொறந்துட்ட. நர்சம்மா உன்னத் தொடச்சி எடுத்தாந்து, இந்தாம்மா உன் மிதின்னு எங்கையில குடுத்தாங்க. வார்டு பூரா அதான் பேரு. உங்கப்பன் காலையில வந்தான். வேற ஏதோ பேரு யோசிச்சி வெச்சிருந்தான். யாரு கேட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது சரளா. சாம்பார் வாளியோடு நின்ற அம்மாவைப் பார்த்தேன். "நீயும் அந்த வண்டியிலதானம்மா இருந்த?"

"நான் பெத்துக்கினு இருந்தேன்டா. மணியா பாக்க முடியும்?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வாளியை அடுத்த இலைக்கு நகர்த்தினாள்.

அப்பா பந்தலில் இல்லை. கீழே, சமையல்காரர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு குண்டானைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

"உங்க அத்தைக்கு எப்பவும் வாயி ஜாஸ்தி" என்றார்.

"அன்னிக்கு எங்க போயிருந்தப்பா?"

"பெத்தாங் ஆடப் போயிருந்தேன்." எங்கள் ஊரில் இரும்புக் குண்டை உருட்டிப்போட்டு ஆடும் பிரெஞ்சு ஆட்டம் அது. "நாள் இருக்குன்னு சொன்னாங்கடா. மழ புடிச்சிக்கிச்சி, கூட்டாளி வீட்டுல தங்கிட்டேன். வந்து பாத்தா ஊரே மிதி மிதின்னு சிரிக்குது. ஒருநாள் ஸ்கூல்ல முசே ஒருத்தரு கடியாரத்தப் பாத்துட்டு, மிதின்னு சொல்லிக்கினே சாப்புடப் போனாரு. என்ன முசேன்னு கேட்டேன். நடுப்பகல்னாரு. எனக்கு உசுரு வந்துச்சி."

"பேருக்கு அர்த்தம் சொன்ன, சரி. நான் பொறந்த நேரத்த எதுக்குப்பா மாத்துன?"

அவர் குழாயிலிருந்து ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் வரைக்கும் நான் வீட்டுலதான்டா இருந்தேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு ஆள், தன் பிள்ளை பிறந்த நேரத்தைப் பிடித்து, தான் வீட்டில் இருந்த நேரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இழுக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அம்மாவும் அந்தக் கயிற்றை அறுக்காமல் விட்டுவைத்திருக்கிறாள். வா சாப்பிடலாம் என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். கனமாக இருந்தார்.

மேலே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. "கால்ல மிதிக்கிற பேரு எங்க வீட்டுப் புள்ளைக்கு வேணாம்" என்று வேலுவின் அம்மா சொல்லிவிட்டார். "எங்கண்ணன் பேருதான் வெப்பேன்" என்று வனிதா பிடிவாதமாக நின்றாள். வேலு என்னைக் கண்டதும் கேட்டான். "மச்சான், விசாவுக்கு இந்தப் பேரு ராசியா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"விசா குடுத்தது நான்" என்றாள் சரளா.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்லத்தான் விமானம் ஏறி வந்திருந்தேன். பந்தல் ஓரத்தில் அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், சாப்பிடாமல். அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். இருவரில் யார் கதை நிஜம் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் பெயரின் இரண்டு அர்த்தத்தையும் கேட்டுத்தான் நான் வளர்ந்திருந்தேன், ஒன்றை அப்பாவின் வாயால், மற்றதை மற்றவர்களின் காலால். குனிந்து குழந்தையின் காதில் என் பெயரைச் சொன்னேன். மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை அவன் காலை நீட்டி என் மார்பில் ஒரு உதை விட்டான்.

"கத்துக்கினான் பாரு" என்றாள் அத்தை. வேலுவின் அம்மாவே சிரித்துவிட்டார்.

லியோன் திரும்பி அதிகாரியைப் பார்த்தேன். பெயர் அப்படியே இருக்கட்டும் என்றேன். முன்பு சொன்ன பிறந்த கதை தவறு என்று பாலத்தையும் ரிக்‌ஷாவையும் பற்றிச் சொன்னேன். அப்படியானால் இது தமிழ்ப் பெயர்தானே என்றார். தமிழிலும் இது பெயர் இல்லை மதாம், ஒரு வண்டிக்காரருக்குச் சொன்ன அவசரம் என்றேன். அவர் கோப்பில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, உலகத்தில் இந்தப் பெயரில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள் என்றார். இரண்டு பேர் என்று திருத்தினேன்.

அந்த இரண்டாவது ஆளை ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பார்க்கிறேன். இப்போது தவழ ஆரம்பித்துவிட்டான். வனிதா போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்ப்பாள். திரையில் ஒரு சுவரும், ஜன்னலில் வெயிலும், எப்போதாவது கடந்து போகும் ஒரு சின்ன முதுகும் தெரியும். நான் இங்கே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"மிதி, இங்க வா."

"சொல்லும்மா" என்று கோப்பையை வைத்துவிட்டு எழுந்தே விட்டேன்.

அவள் வாசலில் தலையை நீட்டி, தவழ்ந்துகொண்டிருந்தவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உன்ன இல்லண்ணா" என்றாள்.